பாறையை வலம் வந்த காலை

திருச்சியில் கடல் இல்லை, கரைகள் உண்டு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து தெற்கே நடந்தால் காவிரிக் கரை, வடக்கே நடந்தால் கொள்ளிடக் கரை. காவிரியைத் தாண்டினால் பாறைகள் தொடங்கிவிடும். ஊர் நடுவே உச்சிப்பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் பாறையை எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர் சாலையில் காட்டூரைக் கடந்தால் திருவெறும்பூர்க் குன்று. அதன் உச்சியிலும் கோயில். கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே துறையூர்ப் பக்கம் போகப் போக, வயல்களுக்கு நடுவே யாரோ மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மறந்து போன மாதிரி மொட்டைப் பாறைகள் நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நான் இதையெல்லாம் நடந்து பார்க்க ஆரம்பித்தேன். துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு இரும்புத் தகடுகள் ஒட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வாரம் முழுக்க நிழலும் திரையுமாகக் கண் களைத்துப் போகும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து நடந்தால் திங்கட்கிழமை கண் தெளிவாக இருக்கும்.

எதைச் செய்தாலும் வரிசைப்படுத்தாமல் எனக்கு இருக்க முடியாது. நடந்த பாதைகளையும் போனில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு பாதைக்கும் நான்கு தகவல்: நிழல், நாய், டீ, கழிப்பறை. உறையூர்ப் பாதைக்கு, "தறிச் சத்தம் கேட்கும் தெரு வரை நாய்கள் நல்லவை, அதற்கப்புறம் பொறுப்பு நம்முடையது" என்று எழுதியிருக்கிறேன். கொள்ளிடக் கரைக்கு, "நிழல் இல்லை, டீ இல்லை, ஆனால் ஆற்றுமணலில் காலை வெயில் விழும்போது இந்தக் குறைகள் தெரிவதில்லை" என்று இருக்கிறது. நான்காவது தகவலைப் பற்றிப் பெரும்பாலான பாதைகளுக்கு நல்ல செய்தி கிடையாது.

மலைக்கோட்டைப் படிகளில்தான் என் தோழியைச் சந்தித்தேன். எனக்குப் பின்னால் ஏறி வந்தவள், மூச்சு வாங்கிக்கொண்டே, "கோச்சுக்காதீங்க, நீங்க இடது கால இழுத்து இழுத்து வைக்கிறீங்க" என்றாள். பெரிய கடை வீதிக்குப் பின்னால் அவர்கள் வீடு. அவள் வாப்பாவுக்கு வளையல் கடை. அவள் பிசியோதெரபிஸ்ட். மனிதர்கள் நடப்பதைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் தொழில், இரும்பில் குறை கண்டுபிடிப்பது என் தொழில் என்று பேசிக்கொண்டே உச்சிவரை போனோம். இறங்கும்போது நீங்க போய் நீ வந்துவிட்டது.

சென்னையில் படித்தபோது செயற்கைச் சுவரில் கயிறு கட்டி ஏறப் பழகியவள் அவள். "இவ்வளவு கல்லு இருக்கிற ஊர்ல பிறந்துட்டுப் படியில ஏறிட்டு இருக்கோமே" என்று ஒருநாள் சொன்னாள். அதிலிருந்து ஆரம்பித்தது. பெங்களூருக்குப் போய் ஒரு பயிற்சியாளரிடம் முடிச்சுகளையும் கயிறு பிடிக்கும் முறையையும் இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். துபாயில் இருக்கும் அவள் அண்ணன், லீவில் வரும்போது பேரீச்சம்பழம், தைலம், வாசனைச் சோப்பு இவற்றோடு ஒரு நீளமான கயிற்றையும் இரண்டு ஜோடி ஏறும் ஷூக்களையும் கொண்டு வந்து இறக்கினார். அவர்கள் வீட்டில் அந்தக் கயிற்றைப் பார்த்த சின்னம்மா, "இத்தன துணி காயப் போடவா போற?" என்று கேட்டாராம்.

எங்களுக்குக் கிடைத்த பாறை துறையூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே ரீல்ஸ் எடுக்க ஆள் வந்துவிடும். மூன்று மாடி உயரம் இருக்கும். கிழக்கு முகத்தில் ஆஞ்சநேயரைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். முன்னால் ஒரு தகரக் கொட்டகை. மேற்கே சாய்வான முதுகு. அதில் யாரோ எந்தக் காலத்திலோ கால் வைக்கக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். உச்சியில் ஒரு குகைக்குள் தலையணை மேடு வைத்துச் செதுக்கிய கல் படுக்கைகள் இரண்டு. வடக்கு முகம் மட்டும் நேராக நிற்கும். அதன் நடுவே கீழிருந்து மேல்வரை ஒரு வெடிப்பு, விரல்கள் நுழைகிற அகலத்தில். நாங்கள் ஏறுவது அதில்தான்.

ஊர்க்காரர்களிடம் கேட்டபோது ஏறுவதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சாமி இருக்கிற கல், செருப்பு போடாமல் ஏறுங்கள் என்றார்கள். அதனால் துபாய் ஷூக்கள் இன்றுவரை பெட்டியிலேயே இருக்கின்றன. வெறுங்காலால்தான் ஏறுகிறோம். விடியற்காலையில் அந்தக் கல் பானையின் வெளிப்பக்கம் போலக் குளிர்ந்து, சொரசொரவென்று பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். கோயில் பிராகாரத்தில் நடந்து வளர்ந்த கால் எனக்கு. தோழிக்கு ஆரம்பத்தில் கூசியது. பிறகு என்னைவிட நன்றாக ஏறினாள். கொட்டகைப் பக்கம் பார்த்து, "உங்க சாமியே தாவுறவர்தானே, நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்பாள்.

இப்படியே ஒரு வருடம் போனது. அப்போதுதான் வடக்கே இமயமலை அடிவாரத்தில் ஒரு மலையேற்றப் பள்ளியில் ஒரு மாதப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. தொழிற்சாலையில் லீவும் கிடைத்துவிட்டது. வருகிறேனா இல்லையா என்று அந்த வாரத்துக்குள் பள்ளிக்குச் சொல்ல வேண்டும். அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை.

நான் சம்பாதிக்கிறேன், வயது இருபத்தேழு, டிக்கெட் எடுத்துக்கொண்டு போனால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா வாசல்வரை வந்து வழியனுப்பாமல் யாரும் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறையில் நிற்க, நான் ஒரு மாதத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது எனக்கு நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தப் பயிற்சி எனக்கு வேண்டும். அம்மா சரி என்று சொல்லி அது வேண்டும்.

அம்மா பள்ளியில் கணக்கு டீச்சர். வாதம் செய்து அவளை ஜெயிக்க முடியாது. பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒன்று, இரண்டு என்று எண்போட்டு எழுதிக் காட்டினேன். முழுதும் படித்தாள். "விழ மாட்டேன்னு இதுல எங்க எழுதியிருக்கே?" என்று கேட்டாள். விழலாம், கயிறு பிடித்துக்கொள்ளும் என்றேன். "அப்போ விழுவே" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து அவளாகவே, "பேசிட்டே இருக்க வேண்டாம். ஒரு தடவை நீ ஏறறத நான் பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஆக, அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் பழைய காரில் நான்கு பேரும் கிளம்பினோம். அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியைத் தவிர உலகத்தில் எதன்மேலும் அவருக்குப் புகார் கிடையாது. அம்மா பட்டுக்கரை போட்ட பருத்திப் புடவை கட்டி, துளசி மாலை ஒன்றும் வெண்ணெய் ஒரு கிண்ணமும் எடுத்துக்கொண்டாள். மகள் ஏறுவதைப் பார்ப்பதற்கு முன்னால் ஆஞ்சநேயரைப் பார்க்க வேண்டும் அல்லவா. தோழியின் வீட்டிலிருந்து வந்த தேங்காய்ச்சோறு தூக்கில், பின்சீட்டில் அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவே இருந்தது. கொள்ளிடம் பாலத்தில் அப்பா, "ஏன்மா, இந்தக் கயிறு எத்தனை பேரைத் தாங்கும்?" என்று தோழியைக் கேட்டார். "இந்தக் காரையே தாங்கும் அங்கிள்" என்றாள் அவள். "அது பெரிய விஷயம் இல்ல. இத உள்ள இருக்கறவங்கதான் தாங்கிக்கணும்" என்றாள் அம்மா.

பாறையடியில் இறங்கியதும் நான் வேலைகளைப் பிரித்தேன். தோழியும் நானும் மேற்கு முதுகு வழியாக உச்சிக்குப் போய், கயிற்றைக் கட்டி வடக்கு முகத்தில் தொங்கவிடுவது. அதற்குள் அம்மாவும் அப்பாவும் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, பாறையைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் வந்து, பனைமரங்களுக்குக் கீழே இருக்கும் தட்டைக் கல்லில் உட்கார்ந்துகொள்வது. அங்கிருந்து வெடிப்பு முழுவதும் தெரியும். அப்பாவிடம் சொன்னேன்: "சாமியப் பாத்து நின்னா, வலது கைப்பக்கம் திரும்பி நடங்கப்பா. பாறை இடது பக்கமே இருக்கணும். அஞ்சு நிமிஷம்கூட ஆகாது." அப்பா திருப்பிச் சொல்லிக் காட்டினார், சரியாக இருந்தது. அம்மா மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

உச்சியில் ஆள் உயர உருண்டைப் பாறைகள் இரண்டு உண்டு. இரண்டையும் சுற்றி அகலமான நாடாக்களைக் கட்டினோம். ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்க வேண்டும் என்பது முறை. இரண்டும் விளிம்பருகே வந்து சேரும் இடத்தில் கொக்கிகள், அவற்றுக்குள் கயிறு; அதன் ஒரு முனை ஏறுகிறவளின் இடுப்புப் பட்டையில், மறுமுனை கீழே நின்று பிடிப்பவளின் கையில். நான் கட்டியதை அவள் தொட்டுப் பார்த்தாள், அவள் கட்டியதை நான் தொட்டுப் பார்த்தேன். வடகிழக்கு மூலைச் சரிவில் இறங்கி வடக்கு முகத்துக்கு வந்தபோது தட்டைக் கல்லில் ஒரு மைனா மட்டும் இருந்தது.

காத்திருந்தோம். அம்மாவின் கும்பிடுகள் நீளமானவை என்பது எனக்குத் தெரியும். வெயில் பனை உச்சியிலிருந்து இறங்க ஆரம்பித்தது. கல் சூடானால் வெறுங்காலால் ஏற முடியாது. அப்பாவுக்குப் போன் செய்தால் அடித்துக்கொண்டே இருந்தது. அதையும் அம்மாவின் கைப்பையையும் காரிலேயே வைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தோழி கொட்டகைவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். ஆஞ்சநேயர் கழுத்தில் மாலை புதிதாக இருக்கிறது, வாயில் வெண்ணெய் இருக்கிறது, ஆட்களைக் காணோம் என்றாள்.

"நீ ஏற ஆரம்பி. பாதியில வந்தாங்கன்னா இன்னும் நல்லாத்தான் இருக்கும், நீ உசரத்துல இருப்பே" என்றாள். எனக்கு மனசில்லை. இந்தக் காட்சிக்காகத்தானே இவ்வளவும். ஆனாலும் கல் காத்திருக்காது. முடிச்சைப் போட்டேன், அவள் பார்த்தாள், அவள் கயிறு பிடிக்கும் கருவியை நான் பார்த்தேன், ஏறினேன்.

அந்த வெடிப்பின் முதல் பாதி ஏணி மாதிரி. கையை உள்ளே விட்டு லேசாகத் திருப்பினால் அதுவே பிடித்துக்கொள்ளும். பாதிக்கு மேல் வெடிப்பு சுருங்கிவிடும். விரல் நுனிகள் மட்டும் நுழையும். வலது காலை ஒரு நெல்லிக்காய் அளவு மேட்டில் நம்பி வைக்க வேண்டும். அந்த மேட்டில் காலை வைத்து நிமிர்கிற நேரத்தில் தலைக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது.

"இங்க யாரோ கயிறு கட்டி வச்சிருக்காங்களே."

எங்கள் வீட்டில் முடிச்சு என்று ஒன்றைப் பார்க்க முடியாது. கடையிலிருந்து வரும் பார்சல் நூலை அம்மா அறுக்க விட மாட்டாள். பல்லால் கடித்து, ஹேர்பின்னால் நெம்பி, எவ்வளவு நேரம் ஆனாலும் அவிழ்த்து, கட்டைவிரலில் சுற்றி, அலமாரியில் ஒரு டப்பாவில் போடுவாள். முடிச்சைக் கண்டால் அவள் விரல்கள் தாமாகவே போகும். இதெல்லாம் எனக்கு அந்த நெல்லிக்காய் மேட்டில் நின்றபடி ஞாபகம் வந்தது.

"அம்மா, அதத் தொடாத. நான் அதுலதான் இருக்கேன்."

மேலே வளையல் சத்தம் கேட்டது. பிறகு, "தொடலடி. சும்மா பாத்தேன். நல்லாத்தான் போட்டிருக்கு" என்றாள். "நீ எங்க இருக்கே?"

கீழே இருக்கிறேன், விளிம்புக்கு வராதே, அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கால் வழுக்கிவிட்டது. ஒரு முழம்கூட விழவில்லை. தோழி கீழே கயிற்றை இறுக்கமாகத்தான் வைத்திருந்தாள். கயிற்றில் உட்கார்ந்து ஆடினேன். மேலே அம்மா பார்த்துக்கொண்டிருந்த நாடாக்கள் திடீரென்று விறைத்திருக்கும்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள். குரல் வகுப்பில் கேட்கிற மாதிரியே இருந்தது. ஆனால் கொஞ்சம் மெதுவாக.

"விழுந்துட்டேன்மா. பிடிச்சிருக்கு."

"ம்."

கீழே தோழி சிரிப்பை அடக்குவது கயிறு வழியாகவே எனக்குத் தெரிந்தது. மறுபடி காலை வைத்து, மறுபடி விரல்களைச் சொருகி, கடைசி நான்கு அசைவுகளில் விளிம்பைப் பிடித்து மேலே தலையை நீட்டினேன். அம்மா உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். புடவையைத் தூக்கிச் சொருகியிருந்தாள். நெற்றியில் வேர்வை, செந்தூரம் மூக்குவரை வழிந்திருந்தது. ஒரு கை நாடாவின் மேல் இருந்தது. பிடித்திருக்கவில்லை, காய்ச்சல் பார்க்கிற மாதிரி தொட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிமா இங்க வந்தே?"

"உங்கப்பா வலது பக்கம் போகணும்னாரு. அதெப்படிப் போறது, அது அப்பிரதட்சிணம் இல்லையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாமி பாறையிலேயே இருக்கிறார். அவருக்குப் பின்னால் போக வழியில்லை. அதனால் அவரைச் சுற்ற வேண்டுமென்றால் பாறையையே சுற்ற வேண்டும். சுற்றுவதென்றால் வலமாகத்தான், அதாவது பாறை வலது கைப்பக்கம் இருக்க. நான் சொன்னதற்கு நேர் எதிர். ஸ்ரீரங்கத்தில் காலையில் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதியில் நடக்கிறவர்கள்கூட, சர்க்கரை வியாதிக்காக நடக்கிறவர்கள் உட்பட, வலமாகவே நடப்பார்கள். என் போனில் இருக்கும் வட்டப் பாதைகள் அத்தனையும் வலமாகவே போகின்றன. நானாக யோசித்து அப்படி வைக்கவில்லை. அந்த ஊர்க்காரிக்கு இடமாகச் சுற்றச் சொல்லி வழி சொன்ன இன்னொரு ஊர்க்காரி நான்தான். எனக்கு அது ஒரு பாறை, அதற்கு நான்கு முகம், வடக்கு முகத்துக்கு எது கிட்டே என்று மட்டும் பார்த்திருந்தேன்.

மிச்சத்தை அவளே சொன்னாள். தெற்குப் பக்கம் சுலபமாக வந்துவிட்டார்களாம். மேற்கே வந்தால், மக்காச்சோளக் கொல்லைக்காரர் பாறையை ஒட்டி முள்வேலி போட்டிருக்கிறார். தாண்ட வழியில்லை. அப்பா திரும்பலாம் என்றிருக்கிறார். பாதி சுற்றிவிட்டுத் திரும்பினால் சுற்றாத கணக்குத்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்போது அந்தக் கால்குழிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வேலியைத் தாண்டின மாதிரியும் ஆச்சு, சுற்றின மாதிரியும் ஆச்சு. அப்பாவின் முழங்கால் கீழேயே நின்றுவிட்டது. அம்மா மட்டும் ஏறிவிட்டாள்.

"குழி ஒவ்வொண்ணும் எவ்வளவு அளவா வெட்டியிருக்கான். அந்தக் காலத்துல யாரோ நம்ம உசரத்து ஆள்தான்" என்றாள். அவள் முகத்தில் இருந்தது பெருமை. எனக்குத் தெரிந்து அம்மா படியில்லாத எதிலும் ஏறியதில்லை.

மேற்கிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நான் இப்ப என்ன பண்ணட்டும்?"

"அப்படியே திரும்பிப் போங்க. உங்களுக்கு அரைப் புண்ணியம் போதும்" என்று அம்மா பதில் கொடுத்தாள்.

திரும்பி இறங்குவதுதான் அவளுக்கு முடியாது. ஏறும்போது கண் மேலே இருந்தது. இப்போது அந்தச் சரிவை மேலிருந்து பார்த்தால் பயமாக இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னாள். தவிர, சுற்று முடிய வேண்டும். இருந்த வழி வடகிழக்கு மூலைச் சரிவுதான். அதில் நானும் தோழியும் கயிறில்லாமலே இறங்குவோம். அம்மாவைக் கயிறில்லாமல் அதில் விட முடியாது. கீழே தோழியிடம் சொன்னேன். அவள் தன் இடுப்புப் பட்டையைக் கழற்றிக் கயிற்று முனையில் கட்டினாள். நான் மேலே இழுத்துக்கொண்டேன்.

"என் இடுப்பும் அவ இடுப்பும் ஒண்ணாடி?" என்று அம்மா கேட்டாள். பட்டை பெரிதாகும் என்று இழுத்துக் காட்டினேன். புடவையைக் கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னால் சொருகிக்கொண்டு, பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற அதே நிதானத்தோடு நின்றாள். பட்டையை மாட்டி, முடிச்சைப் போட்டு, நானே ஒரு தடவை பார்த்தேன். வழக்கமாக இன்னொருவர் பார்க்க வேண்டும். தோழி கீழே இருந்தாள்.

"நீ பாருமா. கயிறு எப்படிப் போச்சோ, அதே வழியா இன்னொரு தடவை திரும்பி வந்திருக்கணும். எல்லா இடத்துலயும் ரெண்டு ரெண்டா இருக்கணும்."

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, விரலால் கயிற்றைத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். விடைத்தாளில் ஒவ்வொரு வரியாக இறங்குகிற விரல். "சரியா இருக்கு" என்றாள்.

நான் பாறையோடு என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தேன். அம்மா சரிவைப் பார்த்தபடி பின்பக்கமாக முதல் காலை வைத்தாள். நான்கு எட்டு இறங்கியதும் நின்றாள்.

"வழுக்கினா பிடிப்பியா?"

"பிடிப்பேன்மா. ஒரு சாண்கூடப் போக மாட்டே."

"வழுக்கிப் பாக்கட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு கைகளையும் கல்லிலிருந்து எடுத்துவிட்டுக் கயிற்றில் உட்கார்ந்துவிட்டாள். நிரூபிக்காமல் எதையும் ஏற்றுக்கொள்ளாத பெண்மணி. கயிறு என்னை முன்னால் இழுத்தது, நின்றது. அவள் எடை முழுவதும் என் இரண்டு கைகளுக்கும் இடையில் இருந்தது. அம்மா இவ்வளவுதானா என்று தோன்றியது; அவ்வளவு லேசாக இருந்தாள்.

கயிற்றில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இங்க நீ என்னைப் பிடிச்சிருக்கே. அங்க உன்னை யாருடி பிடிப்பா?"

இத்தனை நாளும் அவள் கேட்க நினைத்தது இதுதான் போலிருக்கிறது. நானோ கயிற்றின் தரத்தைப் பற்றியும் தலைக்கவசத்தைப் பற்றியும் எண்போட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

"தெரியாத ஒருத்தர்தாம்மா. யாரோ ஒரு ஊர்ப் பொண்ணு. ஆனா என் முடிச்ச அவ பாக்காம நான் கால் வைக்கக் கூடாது. அவ முடிச்ச நான் பாக்காம அவளும் வைக்கக் கூடாது."

"தெரியாத பொண்ணு ஒழுங்காப் பாப்பாளா?"

"அவளோட கயிறு என் கையில இருக்குமே."

அம்மா மறுபடி கல்லில் கைகளை வைத்தாள். கீழேயிருந்து தோழி, "ஆன்ட்டி, இடது கால் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம், ஆ, அங்கதான்" என்று வழி சொல்ல ஆரம்பித்தாள். பிசியோதெரபிக்காரி அல்லவா, "முட்டிய மடக்காதீங்க, குதிகால அழுத்துங்க" என்று சரிவு முழுக்க ஒரு வகுப்பே நடந்தது. எப்போதும் வகுப்பு எடுக்கிற அம்மா, சொன்னதை அப்படியே செய்துகொண்டு இறங்கினாள். தரையில் கால் பட்டதும் தோழியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிச் சொடுக்கினாள். அது எங்கள் வீட்டில் எனக்கே அபூர்வமாகக் கிடைப்பது.

நான் எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்தபோது அம்மா இடுப்புப் பட்டையோடேயே கொட்டகையில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அரைப் புண்ணியத்தோடு வந்து பக்கத்தில் நின்றிருந்தார். பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரும் கும்பிட்டார்.

தேங்காய்ச்சோறு பனைமரத்தடியில் சாப்பிட்டோம். அம்மா மேலே நடந்ததை அப்பாவிடம் சொன்னாள். நான் ஏறியதை அவள் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் ஒரு கயிறு விறைத்ததும் தளர்ந்ததும், கடைசியில் விளிம்பில் முளைத்த என் தலையும்தான். ஆனால் முழுவதும் பார்த்தவள் மாதிரியே சொன்னாள். நடுவில் நான் விழுந்ததைச் சொல்லும்போது, "விழுந்தா, ஆனா விழல" என்றாள். அப்பா அதைப் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார். என் பயிற்சியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானாகக் கேட்கக் கூடாது என்று தோழி கண்ணால் சொன்னாள். கேட்காமல் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

காரில் திரும்பும்போது அம்மா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சாலையோரம் வெங்காயம் காயப் போட்டிருந்ததைப் பார்த்து விலை எப்படி என்று அப்பாவிடம் பேசினாள். பிறகு திரும்பாமலே, "அங்க குளிர் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள். ராத்திரி தண்ணீர் உறையும் என்றேன். "உன்கிட்ட இருக்கறது ஊட்டிக்குப் போனப்ப வாங்கின அந்த மஞ்ச ஸ்வெட்டர் ஒண்ணுதான். அதுல முழங்கை கிழிஞ்சிருக்கு" என்றாள். திருச்சியில் எந்தக் கடையில் கேட்டாலும் ஸ்வெட்டர் என்று துப்பட்டாவைத்தான் காட்டுவான் என்றாள். அப்பா காரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். தோழி என் கையைக் கிள்ளினாள்.

அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் பள்ளியில் தமிழ் டீச்சர் ஒருவரின் மருமகன் ராணுவத்தில், எங்கோ பனி பெய்கிற இடத்தில் இருக்கிறார். அந்த டீச்சரைக் கூப்பிட்டு, காலுக்கு என்ன போடுகிறார்கள், காதுக்கு என்ன, உள்ளே போடுகிற கம்பளி எங்கே கிடைக்கும், ஒன்றுக்குமேல் ஒன்றாகப் போட வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டாள். வரிசைப்படுத்துகிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்பாவும் நானும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுமுனையில் யாருக்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

"என் பொண்ணுக்குத்தான் டீச்சர். மலை ஏறப் போறா, ஒரு மாசம்." கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். "இல்ல இல்ல, எந்தக் கோயிலுக்கும் இல்ல. சும்மா ஏறத்தான்."